விஸ்கி மட்டும்தான்

மாப்பிள்ளை குடிப்பாரா என்பதுதான் என் அம்மா தரகரிடம் கேட்ட ஒரே கேள்வி. சம்பளம், நிலம், கூடப் பிறந்தவர்கள் எல்லாம் அப்பா விசாரிக்க வேண்டியவை. அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று இதை மட்டும் கேட்டாள்.

"கெட்ட பழக்கம் ஒண்ணுங் கெடையாதுத்தா," என்றார் தரகர். "குடியெல்லாம் இல்ல. விஸ்கிதேன். அதும் கம்பெனி மீட்டிங்கு வச்சா, பெரிய ஆபீசருக கூட உக்காந்து கொஞ்சமா. டீசண்டா."

அம்மாவுக்கு விஸ்கியைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாராயம். மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் எங்கள் வாழைத்தோட்டம். தோட்டத்திலிருந்து அப்பா வரும் நடையைப் பார்த்தே அன்றைக்கு அம்மாவுக்கு அடி விழுமா விழாதா என்று சொல்லிவிடலாம். சாராயக் கடைகளை மூடிய பிறகு அப்பா பிராந்திக்கு மாறினார். பிராந்தி விலை அதிகம் என்பதால் குடிக்கும் நாட்கள் குறைந்தன. கை ஓங்குவது குறையவில்லை. அதனால் தரகர் சொன்ன பதிலில் அம்மாவின் காதில் விழுந்தது 'குடியெல்லாம் இல்ல' என்பது மட்டும்தான். அப்பாவின் காதில் விழுந்தது 'ஆபீசருக கூட' என்பது.

தொண்ணூற்றாறில் கல்யாணம் முடிந்தது. சின்னமனூரில் வாடகை வீடு. எனக்கு அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அவர் பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தல்களில் இருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் வரைக்கும் அவருடைய ஏரியா. பகல் முழுக்க மோட்டார் பைக்கில் சுற்றிவிட்டு, சட்டையில் மருந்து வாசனையோடு வருவார்.

முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவர் குடித்ததை நான் ஒரு சடங்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். கனமான கண்ணாடி கிளாஸைத் தானே கழுவி, தானே துணியால் துடைத்தார். பாட்டில் மூடியால் அளந்து ஊற்றினார். அதற்குச் சமமாகத் தண்ணீர். சோடா சேர்க்க மாட்டார், சோடா வாசனையைக் கொன்றுவிடும் என்பார். கோயம்புத்தூர் மேனேஜர் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாம். விஸ்கியில் கலர் சோடாவை ஊற்றிக் குடிப்பவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் சுளிக்கும். வாயில் வைத்ததும் உடனே விழுங்க மாட்டார். கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருந்து, கண்ணை லேசாக மூடி, பிறகுதான் உள்ளே அனுப்புவார். ஒரு கிளாஸ் முடிய ஒரு சினிமாவின் முதல் பாதி ஓடிவிடும்.

சத்தம் இல்லை. தள்ளாட்டம் இல்லை. முடித்ததும் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டைப் போடு என்பார். நான் கும்பிடாத சாமி இல்லை, எனக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு முதலில் வந்த பெரிய பொருள் ஃப்ரிட்ஜ். அந்தத் தெருவிலேயே முதல் ஃப்ரிட்ஜ். "ஒனக்குத்தான், ஆபீசுக்கும் போயிட்டு வீட்டையும் பாக்க செரமப்படுற," என்றார். வந்த அன்றைக்கே அதன் மேல்தட்டு முழுக்க ஐஸ் தட்டுகள் ஏறின. அதற்குப் பிறகு கிளாஸில் இரண்டு கட்டி ஐஸ் சேர்ந்தது. நான் மாவை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமையோடு புதன்கிழமையும் சேர்ந்து, பிறகு கிழமை பார்க்காததாக ஆனது. நண்பர்கள் வர ஆரம்பித்தார்கள். கம்பத்திலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் வருவார், அவருக்குக் கோலி சோடா உடைத்து ஊற்றினால்தான் இறங்கும். என் கணவர் அவரை ஒவ்வொரு முறையும் கேலி செய்வார், ஆனால் அவர் பெரிய வியாபாரி என்பதால் சோடா வாங்கி வைக்கச் சொல்வார். மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த இன்னொருவருக்கு வெந்நீர் வேண்டும். மேலே குளிரில் பழகிய வாய். அவர் கிளாஸில் வெந்நீர் ஊற்றும்போது எழும் ஆவியில் அந்த வாடை அடுப்படி வரைக்கும் வரும். ஒருவருக்கு ஈரல் வறுவல் மிளகு தூக்கலாக, ஒருவருக்கு நிலக்கடலையில் வெங்காயம் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து. யாருக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். எனக்கு என்ன பிடிக்கும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்ட நினைவில்லை.

"இங்கன வந்து உக்காந்தா ஒரு மரியாத இருக்கு," என்பார் மருந்துக்கடைக்காரர், என் காதில் விழும்படியாக. "நாலு பேரு குடிக்கிறாக, ஒரு சத்தம் இருக்கா பாருங்க. குடிச்சா ஒங்க வீட்டுக்காரரு மாதிரி குடிக்கணும்."

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி இருந்தார். சந்தையில் மூட்டை இறக்குபவர். அவர் குடித்தது மலிவுப் பிராந்தி. ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி தெருவுக்குள் வருவார். சில நாள் வழியிலேயே படுத்துவிடுவார். அவர் மனைவி வாசலில் நின்று தெருவே அதிரக் கத்துவாள். அவர் அம்மாவை, அப்பாவை, கடை வைத்தவனை, ஒருவரையும் விடமாட்டாள். கத்தி முடித்துவிட்டு என்னிடம் வந்து உட்காருவாள்.

"ஒனக்கென்னக்கா, குடுத்து வச்சவ," என்பாள். "அண்ணன் குடிக்கிறதே தெரியல."

அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? அவர் கிளாஸை எடுத்த பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றா? மூன்று வயது மகள் மடியில் ஏற வந்தால், கிளாஸ் தட்டிவிடும் என்று ஒரு விரலால் அவளைத் தள்ளி வைக்கிறார் என்றா? இதெல்லாம் வெளியில் சொன்னால் குறையாகவே கேட்காது. கத்துவதற்கு அவளுக்கு ஒரு குடிகாரன் இருந்தான். எனக்கு அது இல்லை.

மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்று எனக்கு அது முழுதாகப் புரிந்தது. பகலில் லேசாக இருந்த சூடு, விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. கண் மேலே சொருகியது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் முதல் கிளாஸை ஊற்றி, ஐஸ் போட்டு, கையில் எடுத்திருந்தார்.

"என்னங்க, பிள்ளைக்கு இழுக்குது. ஆட்டோ கூப்பிடுங்க."

அவர் பிள்ளையைப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். "நெத்தியில ஈரத்துணி போடு. இத முடிச்சிட்டு வந்துர்றேன்."

அவசரமாகக் குடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆறாமல் இருந்திருக்காது. கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கவும் இல்லை, மடக்கென்று ஊற்றிக்கொள்ளவும் இல்லை. எப்போதும்போல ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பிள்ளையோடு தெருவில் இறங்கி ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் குடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டார், பிறகு ஒன்றும் கேட்காமல் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள். மெயின் ரோட்டில் வந்த ஆட்டோவை அவர் மறித்த விதத்தில் ஓட்டுநர் பயந்தே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பிள்ளை கண் விழித்து, தண்ணீர் கேட்ட பிறகு என் கணவர் வந்தார். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். நர்ஸ் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி, "குடிச்சிட்டு இங்க நிக்கக்கூடாது, வெளிய போகச் சொல்லுங்க," என்றாள். என் கணவர்தான் அவரை வெளியே அனுப்பினார்.

அடுத்த வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னைக்கே கேக்குறேன். எம் பேத்தி உசுரு இவருக்கு வெளையாட்டாப் போச்சா?" என்றார். எனக்கு அப்பாமேல் முதல்முறையாக ஒரு நம்பிக்கை வந்தது. அப்பாவும் நானும் பிள்ளையும் டவுன் பஸ் ஏறிச் சின்னமனூர் வந்தோம்.

என் கணவர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க மாமா. உக்காருங்க."

அப்பா உட்காரவில்லை. "மாப்ள, பிள்ளைக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கும்போது நீங்க எந்திரிக்கலையாமே?"

"தப்புதான் மாமா," என்றார் அவர். கொஞ்சமும் குரல் உயர்த்தவில்லை. "பதட்டத்துல எனக்கு ஓடல. ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் ஒங்க மகளக் கை நீட்டி அடிச்சிருக்கேனா? தெருவுல விழுந்து கெடந்திருக்கேனா? ஒரு கெட்ட வார்த்த பேசியிருக்கேனா? அவளையே கேளுங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. இந்த மூன்றையும் செய்தவர் அவர். மூன்று கேள்வியும் அவருக்கே போட்ட கேள்வியாக இறங்கியிருக்க வேண்டும். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

என் கணவர் இன்னொரு கிளாஸைத் துடைத்தார். அளந்து ஊற்றி, தண்ணீர் சேர்த்து, ஐஸ் போட்டு இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா வாங்கி, சாராயம் குடிக்கிற பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்து ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டார். ஐஸ் கட்டி பல்லில் இடித்தது.

"அப்பிடி இல்ல மாமா," என்று சிரித்தார் என் கணவர். "இது தொண்டைக்கு இல்ல, நாக்குக்கு. கொஞ்சமா எடுங்க. அங்கன வையுங்க. இப்ப மூக்கு வழியா மூச்சு விடுங்க. ஒரு பொக வாசம் வருதா?"

"ஆமா மாப்ள," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியத்தை நான் பார்த்ததில்லை. "வருது."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஆத்தா, தொட்டுக்க ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

வைகை அணை ஜிலேபி மீன் வாங்கி வைத்திருந்தேன். வறுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அப்பா வாரம் தவறாமல் சனிக்கிழமை வந்தார். வரும்போது தோட்டத்து இளநீர் கொண்டுவருவார். விஸ்கியில் இளநீர் கலந்தால் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று அவரே கண்டுபிடித்து, மருமகனுக்கும் சொல்லிக் கொடுத்தார். ஊரில் போய், "எங்க மாப்ள கூட உக்காந்து பாருங்கடா, குடிக்கிறது எப்பிடின்னு தெரியும்," என்று பேசினாராம்.

அம்மாவிடம் போய் அழுதேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "ஒங்கப்பன் அடிச்சாரு. இவரு அடிக்கலேல்ல. பொறுத்துப் போ."

பிறகு ஒயின் ஷாப்புகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதுவரை என் கணவருக்கு வாடிக்கையாக ஒரு கடை இருந்தது. கடைக்காரர் இவர் பாட்டிலைத் தாளில் சுற்றித் தயாராக வைத்திருப்பார். புதிய கடையில் கம்பிவலைக்கு முன்னால் எல்லோரோடும் முண்டியடித்துக் கையை உள்ளே நீட்ட வேண்டும். அவர் கேட்கும் விஸ்கி அங்கே வரவில்லை. இருப்பதில் ஒன்றை வாங்கிக்கொள், இல்லையென்றால் நகரு என்று பின்னால் நின்றவர் சொன்னதாக, அவமானம் தாங்காமல் வந்து சொன்னார். கொஞ்ச காலம் கேரள எல்லையில் குமுளிப் பக்கம் போகும்போது வாங்கி வந்தார். பிறகு கம்பெனியில் அவருடைய ஏரியாவைப் பிரித்து ஒரு சின்னப் பையனிடம் கொடுத்தார்கள். விற்பனை இறங்கியதால் என்றார்கள். மலைக்குப் போகிற வேலை போயிற்று. மருந்துக்கடைக்காரர் புதுப் பையன் வீட்டுக்குச் சோடாவோடு போக ஆரம்பித்தார். ஏலத்தோட்டத்துக்காரர் மட்டும் எப்போதாவது வருவார்.

ஒருநாள் நான் வேலை முடிந்து சீக்கிரம் வந்தபோது, அவர் அடுப்படி மேடையில் ஒரு புனலை வைத்துக்கொண்டு, மலிவுப் பாட்டிலில் இருந்ததைப் பழைய நல்ல பாட்டிலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. "ஒங்கப்பா வருவாக. அவுக பாத்தா மனசு கஷ்டப்படுவாக," என்றார். அன்று சனிக்கிழமை. அப்பா வந்து, நாக்கில் வைத்து, மூக்கு வழியாக மூச்சு விட்டு, "இதுக்கு ஈடே இல்ல மாப்ள," என்றார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. காலையில் என் கணவருக்குக் கை நடுங்கியது. சமையலறையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் காணாமல் போனது. தேடியபோது குளியலறையில் வாளிக்குப் பின்னால் கிடந்தது. மோந்து பார்த்தேன். அதற்குப் பிறகு காலையில் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லை, ஐஸ் இல்லை. நின்றபடியே குடித்துவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு, பல் தேய்த்துவிட்டு வருவார். சாயங்காலம் வெள்ளை வேட்டியும் கண்ணாடி கிளாஸும் வழக்கம்போல.

வயிறு வீங்கிக் கண் மஞ்சளானபோது தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்பாவும் கூட வந்தார். டாக்டர் என்னிடம் குடிப்பாரா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"விஸ்கிதேங்க டாக்டரு. நல்ல சரக்கு. கொஞ்சமா, தண்ணி கலந்து."

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "ஈரலுக்குப் பிராண்டு பாக்கத் தெரியாதுங்க பெரியவரே."

அப்பாவுக்குக் கோபம். வெளியே வந்து, டாக்டருக்கு அனுபவம் போதாது, மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்றார். மதுரைக்கும் போனோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். ஒரு சித்திரை மாதம், வெயில் ஏறுவதற்கு முன்னால், என் கணவர் இறந்துபோனார். கடைசி இரண்டு நாள் மகளை அடையாளம் தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. தங்கமான மனுசன். ஒரு சண்டை சச்சரவு உண்டா. எப்படி இந்த நோய் வந்ததோ. குடிக்காதவர்களுக்கும் மஞ்சக்காமாலை வருகிறதே என்றார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முப்பதாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைப்பது எங்களில் வழக்கம். என் நாத்தனார் ஈரல் வறுவல், முட்டை, மீன் எல்லாம் இலையில் எடுத்து வைத்தார். ஏலத்தோட்டத்துக்காரர் எங்கிருந்தோ என் கணவர் முன்பு குடித்த விஸ்கியில் ஒரு முழுப் பாட்டில் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தார். கண்ணாடி கிளாஸைத் துடைத்து வைத்தார்கள். பிறகு எப்படி ஊற்றுவது என்று பேச்சு வந்தது.

"சோடாதான ஊத்துவாரு," என்றார் மருந்துக்கடைக்காரர். அவரும் வந்திருந்தார்.

"ஒமக்குத்தான்யா சோடா. அவருக்குத் தண்ணியும் ஐஸும்," என்றார் ஏலத்தோட்டத்துக்காரர்.

"கடைசியில எளநிக்குத்தான பழகியிருந்தாரு," என்றார் அப்பா. "நாந்தேன் பழக்குனேன்."

நாத்தனார் என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, நீ சொல்லு. தம்பிக்கு எப்பிடி ஊத்துனா பிடிக்கும்? ஒனக்குத்தான தெரியும்."

நான் சமையலறைக்குப் போய் அந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல ஊத்துங்க," என்றேன். "தண்ணி வேணாம். ஐஸ் வேணாம். ரெண்டு வருசமா அவுக குளியலறையில நின்னுக்கிட்டு இதுலதான் குடிச்சாக. பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி. அதுதான் அவுகளுக்குப் பிடிச்சது."

நாத்தனார் முகம் சிவந்து, "செத்தவனப் பத்திப் பேசுற பேச்சா இது?" என்றார். அப்பா குனிந்து டம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தினார். பிறகு கண்ணாடி கிளாஸில் அளந்து ஊற்றி, தண்ணீர் சேர்த்து, ஐஸ் போட்டு, இரண்டு கையாலும் படத்துக்கு முன்னால் வைத்தார். சூடம் காட்டினார்கள். நான் கும்பிடவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மீதிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள். அப்பாவும் போனார். அவருடைய சிரிப்புச் சத்தம் ஒரு தடவை கீழே வரைக்கும் கேட்டது.

அந்தச் சிரிப்பை அம்மாவும் கேட்டாள். என்னோடு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி மேலே பார்த்தாள். அன்றைக்கு மறுபடி குனிந்து விளக்கினாள். அடுத்த வருடம், ரெண்டாயிரத்துப் பத்தில், ஒரு காலை நேரம் ஒரு துணிப்பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நெற்றியில் வீக்கம். அப்பா இப்போது வீட்டிலேயே தனியாகக் குடிக்கிறாராம், கிளாஸில் ஐஸ் வேண்டும் என்று கேட்கிறாராம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஐஸுக்கு எங்கே போவது என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு விழுந்த அடி.

"இங்கனயே இருந்துக்கிறேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பையை வைத்துவிட்டு, என் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை பின்னி விட்டாள்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி, வாசல்படிக்குக் கீழே நின்றார். "ஆத்தா, ஒங்கம்மாள வரச் சொல்லு. சோறு பொங்க ஆளில்ல," என்றார்.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுப்பு முன்னால் நின்றபடி, அங்கிருந்தே, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சொன்னாள்: "பொங்கத் தெரியலேன்னா கெளப்புக் கடையில தின்னச் சொல்லு. நான் வரல."

தெருவில் நான்கு வீட்டுக்குக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை டவுன் பஸ் கண்டக்டரிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்புகிறார். வாங்கி வைக்கிறேன். மகள் சாப்பிடுவாள். அம்மா தொடுவதில்லை.